பதினொரு நிமிடம் யாரும் கூப்பிடவில்லை

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, சாயங்காலம் அதை இறக்கும்போதுதான் ஓயும். கண் பரிசோதனைக்கு வந்தவர் கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். படிக்க ரேடியோ இடம் கொடுத்தால்தானே? மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அவர் மகளின் கல்யாணக் கதையை முடித்துவிட்டு மாப்பிள்ளையின் குறட்டைக்கு வந்திருப்பார். அந்தப் பட்டப்பெயரை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி நேர் எதிர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். முதல் இரண்டு ஜன்னல் பிறப்புக்கு, அவளுடையது இறப்புக்கு. "பொறக்கறதுக்கு ரெண்டு ஜன்னல், போறதுக்கு ஒண்ணு. அப்புறம் ஜனத்தொகை ஏறாம என்ன செய்யும்?" என்பது ரேடியோவின் நகைச்சுவை. இதை அவள் நானூறு தடவையாவது கேட்டிருப்பாள். இருந்தும் சிரிக்க வேண்டிய இடத்தில் உதட்டோரம் ஒரு சின்ன அசைவைத் தவறாமல் கொடுத்துவிடுவாள். தங்கள் முப்பத்தோரு வருடக் குடித்தனம் அந்த அசைவின் மேல்தான் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பழக்கம். படிவத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்டு எழுதிய பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றையும் கேட்பாள். "கடைசியில கூட யாரு இருந்தாங்க?" மகன் இருந்தான், மருமகள் இருந்தாள் என்று பதில் வந்தால் முத்திரையைக் குத்தித் தாளைக் கொடுத்துவிடுவாள். யாரும் இல்லை என்று வந்தால், அலமாரிப் பக்கம் கிடக்கும் நாற்காலியைக் காட்டி, "கொஞ்சம் உக்காருங்க, மை காயட்டும்" என்பாள். அந்த மை காய இரண்டு விநாடி போதும். ஆனாலும் ஐந்து நிமிடம் உட்காரவைப்பாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான் ஒரு நெட்டையன். சித்தப்பாவின் இறப்பைப் பதியவந்தவன். மை காய்ந்தது, தாளை வாங்கிக்கொண்டு போனான். மறுநாளும் வந்து வெறுமனே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

"இப்ப யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள் அவள்.

"யாரும் போகலைங்க. நான் படம் எடுக்கறவன். நீங்க அதுல நடிக்கணும்" என்றான் அவன்.

வீட்டில் இதை அவள் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ரேடியோவுக்குப் புரையேறியது.

"என்ன வேஷம்?"

"ஆறாவது மாடியில தனியா இருக்கற ஒரு அம்மா. செத்துப்போறாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பாட்டு?"

"இல்ல."

"வசனமாவது உண்டா?"

"மூணு. அதுல ரெண்டு, ராங் நம்பர்னு சொல்றது."

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தார். "தனியா இருக்கறவளா? நீயா? தனிமைன்னா அது கறுப்பா சிவப்பான்னாவது உனக்குத் தெரியுமா? ஒரு நாள், ஒரு மணி நேரம் நான் உன்னைத் தனியா விட்டிருக்கேனா?"

"அதையேதான் நானும் சொன்னேன். பரவாயில்லைன்னுட்டாரு" என்றாள் அவள்.

மகளுக்குப் போன் பறந்தது. மனைவியின் தம்பி, பேருந்து ஓட்டுபவன், அன்றே நேரில் வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். வெறும் வாயையே மெல்லுகிற ரேடியோவுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஒரே வாரத்தில், கடைக்கு மூக்குக்கண்ணாடி திருகாணி முடுக்க வந்தவர்களுக்குக்கூட அவர் மனைவி நடிகை என்பது தெரிந்துவிட்டது. சாகிற வேஷம் என்பதை மட்டும் அவர் சற்று மெதுவாகச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் போனாள். நாலாம் நாள் ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. பிளாஸ்க்கில் தேநீரையும் அவளுடைய மாற்றுக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறினார். லிப்ட் இருந்தது. ஆனால் சத்தம் கேட்கும் என்று நெட்டையன் அதை நிறுத்திவைத்திருந்தான்.

அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓதம் ஏறிய சுவர். அவள் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர், நீளக் கம்பின் நுனியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். "ஐயா, பதினொரு நிமிஷம் ஒரே ஷாட். மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது" என்று நெட்டையன் கும்பிடாத குறையாகச் சொல்லி, அவரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான்.

ரேடியோ நின்றார். முதல் நிமிடத்தில் தொண்டை அரித்தது. மூன்றாம் நிமிடத்தில் மாப்பிள்ளையின் குறட்டை ஞாபகத்துக்கு வந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டார். ஆறாம் நிமிடத்தில் தன்னைப் பற்றியே அவருக்குப் பெருமையாகிவிட்டது. ஒன்பதாம் நிமிடத்தில் அவள் மூக்குக்கண்ணாடி மெல்லச் சரிந்து மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அது அவர் கடைக் கண்ணாடி. அவர் கையால் பொருத்தியது. ஊரே பார்க்கப்போகிற படத்தில் அது இப்படித் தொங்கினால் கடை மானம் என்ன ஆவது?

"நோஸ்பேட் லூசா இருக்கு. மேல தள்ளிக்க" என்றார், ரகசியமாகத்தான்.

மைக் பிடித்திருந்த பெண் சுட்டுவிட்டதுபோல ஹெட்போனைக் கழற்றினாள். நெட்டையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவர் மனைவி மட்டும் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டாள், முப்பத்தோரு வருடப் பழக்கம்.

நெட்டையன் எழுந்து வந்தான். "ஐயா, உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. அதை எடுத்துக்கிட்டுக் கீழ போயிடுங்க" என்றான். அதன் பிறகு படம் முடியும்வரை ரேடியோ அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படத்தைத் திரையிட்டார்கள். நூறு பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பதினாறு பேர் ரேடியோ அழைத்துவந்த ஆட்கள். மச்சினன் குடும்பத்தோடு, ஆளுக்கொரு பெரிய பொட்டலம் பாப்கார்னோடு வந்திருந்தான். படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், அந்த நிசப்தத்தில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் தங்களுக்கே கேட்கவும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பொட்டலங்களை மடியில் வைத்துவிட்டார்கள். கடைசிவரை எடுக்கவில்லை.

படத்துக்குப் பெயர் 'கதவுக்கு உள்ளே'. ஒரு அம்மாள் எழுகிறாள். இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறாள். நின்றபடியே ரொட்டி தின்கிறாள். போன் இரண்டு தடவை அடிக்கிறது. ராங் நம்பர். சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ தொலைக்காட்சி சிரிக்கிறது. லிப்ட் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்து தலையைச் சரிசெய்துகொள்கிறாள். லிப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடுகிறது. பிறகு அவள் வீட்டில் இருக்கிற துணியெல்லாம் மடித்து, ஒவ்வொரு அடுக்கின் மேலும் தன் பெயரை எழுதிய சீட்டை வைக்கிறாள். கதவைத் திறந்து வருகிறவருக்கு இது யாருடைய வீடு என்று தெரிய வேண்டுமே. அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எந்த நிமிடம் என்று தெரியாமல், போய்விடுகிறாள்.

படம் அங்கே முடியவில்லை. அவள் போன பிறகும் கேமரா அங்கேயே இருந்தது. வெயில் தரையில் நகர்ந்து அவள் காலைத் தொட்டு, சுவர் ஏறி, போயிற்று. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்போவதாக ஒரு அறிவிப்புத் தாள் கதவுக்கு அடியில் நுழைந்தது. மீட்டர் பார்க்கிறவர் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி மறுபடி சிரித்தது.

ரேடியோவுக்கு முதலில் கண்ணாடிதான் கண்ணில் பட்டது. அதன் இடது காதுக்கொக்கி கொஞ்சம் கோணல். பிறகு அதுவும் மறந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் இந்த முகத்தில் அவருக்கென்று எதுவுமே இல்லை. உதட்டோரத்து அசைவு இல்லை, 'ம்' இல்லை. இந்த முகம் தனக்குப் பழக்கமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இருட்டில் பக்கத்து நாற்காலிக்குக் கையை நீட்டினார். அவள் கை குளிர்ந்து கிடந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திரையிலும் அசைவில்லை, இங்கேயும் அசைவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன?" என்று கண்ணைத் திறந்தாள் அவள்.

"ஒண்ணுமில்ல." அவர் திரையைக் காட்டினார். "செத்துட்ட."

"எப்ப?"

"இப்பதான்."

"அப்ப இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ரேடியோ அந்தக் கையை விடவில்லை. பதினாலு நிமிடமும் படத்தை ஒரு கண்ணாலும் அவள் மூச்சை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டதும் கேள்வி நேரம். தாடிக்காரர் ஒருவர் எழுந்து, "அம்மா, இவ்வளவு ஆழமான தனிமையை நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "எங்கேருந்தும் எடுக்கலைங்க. அந்தப் பன்னண்டு நாளும் அந்த அறைக்குள்ள என்னை யாரும் கூப்பிடல. அவ்வளவுதான்" என்றாள்.

அரங்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினன் மெல்லத் திரும்பி ரேடியோவைப் பார்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைப் பிடித்துவைத்திருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. வெளியே வந்ததும், "மாமா, அக்கா வாயத் தொறந்து எதுவும் சொல்லாது. நாமதான் பாத்து நடந்துக்கணும்" என்றான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் பற்றவைத்த நெருப்பு மகள்வரை போய்விட்டது. "அப்பா, அம்மாவ நல்லா வச்சிருக்கீங்கதானே?" என்றாள் அவள். வாழ்நாளெல்லாம் மனைவியோடு பேசிக்கொண்டே இருந்த ஒரு மனிதருக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்.

ரேடியோ அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்தார். இனி அவளை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை.

காலையில் அவளைப் பேருந்தில் ஏற்றிவிடப் போனார். அலுவலகத்துக்கு நாலு தடவை போன் செய்தார். "சாப்டியா? என்ன பண்ற? யாராவது வந்தாங்களா?" மூன்றாம் ஜன்னலுக்கு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனால் பின்னாலேயே கிளிப் டப்பாவோடு போனார். அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, அன்றைக்கு வந்த செய்திகளை உரக்கப் படித்துக் காட்டினார். அவள் எதுவும் சொல்லவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது வாரத்தில், அவள் தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினாள். கேட்டால், "பஸ் லேட்டு" என்றாள். பேருந்து ஓட்டுகிற மச்சினனைக் கேட்டார். அந்தத் தடத்தில் ஒரு பேருந்தும் தாமதமில்லை என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை ரேடியோ கடையைப் பூட்டிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே போய் நின்றார். அவள் வெளியே வந்தாள். பேருந்தில் ஏறினாள். அவர் பின் வாசலில் ஏறினார். நடத்துநரிடம் பேசவேண்டாம் என்று சைகையாலேயே சீட்டு வாங்கினார். அதுவே அவர் வாழ்க்கையில் புதுமை. வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், பேருந்து நிலையத்தில் அவள் இறங்கினாள். காத்திருப்போர் கூடத்தின் கடைசி வரிசையில், உடைந்த எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. போனை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ தூணுக்குப் பின்னால் நின்றபடி பார்த்தார். படத்தில் பார்த்த அதே முகம். சாவு என்று அரங்கத்தில் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த முகம். இங்கே, ஜனம் போய்வந்துகொண்டிருக்கிற இடத்தில், அதைப் பார்த்தால் சாவு போலவும் இல்லை, சோகம் போலவும் இல்லை. நாள் முழுக்கப் போட்டிருந்த செருப்பைக் கழற்றி வைத்தவர்களின் முகம் போலத்தான் இருந்தது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் திடுக்கிடவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பதான்."

"பொய். தூணுக்கு வெளிய உங்க தொப்பை தெரிஞ்சுது."

இரண்டு பேருந்து வந்து போயிற்று. பிறகு ரேடியோ கேட்டார். "எங்கூட இருக்கறது அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

"அப்படி யாரு சொன்னா?"

"அன்னிக்கு மேடையில நீதான் சொன்ன. யாரும் கூப்பிடலன்னு. எல்லாரும் என்னைக் கொலைகாரன் மாதிரி பாத்தாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டோரத்து அசைவு அல்ல, நிஜச் சிரிப்பு. "நான் வருத்தமா சொல்லலைங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். நீங்க கெடுத்ததை மறுநாள் திரும்ப எடுத்தாங்கல்ல, அந்தப் பதினொரு நிமிஷத்த? சாகப்போற மாதிரி உக்காருங்கன்னாரு. அது எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? யாரும் கூப்பிடாம இருக்கறதுன்னு வச்சுக்கிட்டேன். அப்புறம் பாத்தா, எழுந்திருக்கவே மனசு வரல."

அது ரேடியோவின் மனதில் எங்கேயோ போய் இடித்தது. அவளுக்கு நிம்மதியும் சாவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

"நான் பேசறது உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கும். தொடர்ந்து பிடிக்காது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"எப்ப சொல்றது? நீங்க இடம் விட்டாத்தானே."

அவர் கையைப் பிசைந்துகொண்டார். "அன்னிக்கு அந்த அரங்கத்துல உன் கை சில்லுனு இருந்துச்சு. நான் உண்மையிலேயே நினைச்சுட்டேன். எனக்கு முன்னாடி நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு."

"என்ன பண்ணுவீங்க?"

"பேசுவேன்."

"யார்கிட்ட?"

அவர் கண்ணாடியில் ஈரம் படிந்தது. பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி ஏதோ ஒரு ஊர்ப் பெயரை மூன்று தடவை சொல்லிவிட்டு அடங்கியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "கண்ணாடியத் தொடச்சுக்குங்க. கண்ணு தெரியாமப் போச்சுன்னா நீங்களே உங்களுக்குக் கண் டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் ஒப்பந்தம் ஒன்று உருவானது. மகளின் பழைய அறை இனி ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை அவளுடையது. கதவு சாத்தியிருக்கும். வீடு தீப்பிடித்தால் தட்டலாம். வேறு எதற்கும் தட்டக் கூடாது.

"யாராவது செத்துட்டா?" என்று கேட்டார் ரேடியோ.

"மூணாம் நம்பர் ஜன்னல், காலையில பத்து மணிக்கு வரச்சொல்லுங்க."

முதல் வாரம் அவருக்கு நரகமாக இருந்தது. ஆறு மணி ஆனதும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்குப் போனார். அங்கே கடைக்காரர் இவரைவிடப் பெரிய பேச்சுக்காரர். இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பக்க மீசை குறைந்துபோனது. அதனால் அங்கேயும் போக முடியாமல் ஆயிற்று. பிறகு கடையிலேயே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடி அலமாரியில் இருநூறு சட்டங்கள் கண் இல்லாமல் அவரைப் பார்த்தன. முதலில் பயமாக இருந்தது. யாரும் இல்லாத அறையில் தன் மூச்சு இவ்வளவு சத்தம் போடுமா என்று ஆச்சரியப்பட்டார். போகப்போக, அந்த ஒரு மணி நேரத்தில் திருகாணி முடுக்குகிற வேலையைக் கோணல் இல்லாமல் செய்ய முடிகிறது என்று கண்டுபிடித்தார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஏழு மணிவரை பொறுத்தார்.

படம் எங்கெங்கோ போய்வந்தது. எங்கேயோ ஒரு சிறிய பரிசு வாங்கியது. நெட்டையன் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது மணி ஆறேகால். ரேடியோ விரலை வாயில் வைத்து, மூடிய கதவைக் காட்டி அவனை நாற்காலியில் உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் இருவரும் எதிரெதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையன் போகும்போது, "ஐயா, நீங்க ரொம்ப மாறிட்டீங்க" என்றான். "உடம்புக்கு நல்லதில்லன்னுதான் நினைக்கிறேன்" என்றார் ரேடியோ.

ஒரு மழை நாளில் கடைக்கு யாரும் வரவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கே அறைக் கதவு திறந்தது.

"வாங்களேன்" என்றாள் அவள்.

"இன்னும் அரை மணி இருக்கே."

"பரவாயில்ல, வாங்க."

உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததையே அவரும் பார்த்தார். எதிர் வீட்டுச் சுவர், ஒரு குழாய், குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர். பார்க்க அப்படி ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கடையில என்ன நடந்துச்சோ, அதைச் சொல்லுங்க."

"கடையிலயா?" ரேடியோ காலை மடக்கிக் கட்டிலில் நன்றாக ஏறி உட்கார்ந்தார். "நேத்து ஒருத்தர் வந்தாரு. மூக்கு மேல ரெண்டு கண்ணாடி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. ஏன் சார்னேன். ஒண்ணு பொண்டாட்டிது, ஒண்ணு என்னுதுங்கறாரு. சரி, எது யாருதுன்னு கேட்டேன், அதுக்கு அந்த ஆளு..."

அவள் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.